கட்டையும் சொப்பும்: வாசகர் கேள்விகள்

நர்சரி, அங்கன்வாடிக் குழந்தைகளின் விளையாட்டு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு முன்பருவக் கல்வித் துறையினர் தரும் பதில்கள்.

மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். தினமும் ஒரு மணி நேரம் கட்டை அடுக்கவும் கடை வைத்து விளையாடவும் விட்டுவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் இதற்குள் நூறு வரை எழுதுகிறான். ஃபீஸ் கட்டி விளையாட அனுப்புகிறோமோ என்று வீட்டில் பேச்சு.
— ஒரு தாய், பாலக்கோடு

நூறு வரை எழுதுகிற பிள்ளையிடம், குவியலிலிருந்து ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதத் தெரிந்தும் எண்ணி எடுக்கத் தடுமாறும் குழந்தைகள் நிறையப் பேர்.

முடிந்தால் ஒரு நாள் கட்டை மூலையில் உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டு கட்டைகளை நிறுத்தி, மேலே ஒன்றைப் படுக்க வைத்துப் பாலம் கட்டப் பார்ப்பான். நடுவில் ஒரு சாண் இடைவெளி. கையில் இருப்பதோ 14 செ.மீ. கட்டை. விழும். அதையே மறுபடி வைப்பான், திருப்பி வைப்பான், அழுத்தி வைப்பான். அப்புறம்தான் நீளக் கட்டையைத் தேடிப் போவான், அல்லது தூண்களை நெருக்குவான். இரண்டு நீளங்களை ஒப்பிட்டு முடிவெடுக்க அவனுக்குக் கட்டையே கற்றுக்கொடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யாராவது “கிட்ட நகர்த்தி வை கண்ணு” என்று சொன்னால் பாலம் நிற்கும், யோசனை நின்றுபோகும்.

நியூயார்க் ஆசிரியை ஹாரியட் ஜான்சன் 1933இல் எழுதிவைத்த வரிசை இன்றும் பொருந்துகிறது. முதலில் கட்டையைச் சும்மா தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிறகு அடுக்குவதும் வரிசை வைப்பதும், அடுத்துப் பாலம், அடுத்து நாலு பக்கமும் அடைத்த பட்டி, பிறகு இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் கோலம், கட்டியதற்குப் பெயர் வைப்பது, கடைசியில் பார்த்ததைக் கட்டுவது. பார்த்ததைக் கட்டும் கட்டம் பெரும்பாலும் ஐந்து வயதை ஒட்டி வரும். புதிதாகக் கட்டையைப் பார்க்கிற ஐந்து வயதுக் குழந்தையும் முதல் படியிலிருந்துதான் தொடங்கும், ஆனால் வேகமாக ஏறிவிடும்.

எழுத்து? அதைக் கட்டை சொல்லித் தராது. தனியாகத்தான் சொல்லித் தர வேண்டும். அவசரம்தான் கூடாது. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் சில நாலு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலை முஷ்டியில் பிடித்து நூறு எழுதிப் பழகிய கையைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியே கற்கட்டும் என்றுதான் 2022இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொல்கிறது.

எங்கள் நர்சரிக்கு உள்ளூர் ஆசாரியிடமே கட்டை செய்துகொள்ள நினைக்கிறோம். என்ன மரம், என்ன அளவு, எத்தனை?
— பள்ளி நிர்வாகி, ஊத்தங்கரை

நல்ல முடிவு. கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை நூறாண்டுக்கு முன் உருவாக்கிய அளவு முறையைப் பின்பற்றுங்கள். முழுக் கட்டை 14 × 7 × 3.5 செ.மீ. அகலம் கனத்தைப்போல் இரு மடங்கு, நீளம் நாலு மடங்கு. இந்த விகிதம்தான் உயிர். அரைக் கட்டை 7 செ.மீ. நீளம், இரட்டை 28, நாலு மடங்கு 56. தூண் 14 × 3.5 × 3.5. முக்கோணம், முழுக் கட்டையை மூலைக்கு மூலை அறுத்தது.

ஒரு நேரத்தில் ஆறு பேர் விளையாட அரை 24, முழு 60, இரட்டை 30, நாலு மடங்கு 12, தூண் 20, முக்கோணம் 16, ஆக 162 கட்டைகள் போதும். இதற்குள் அடங்கும் மரம் சுமார் 2.4 கன அடி. அறுவையும் இழைப்பும் தின்பது போக 4 கன அடி வாங்குங்கள். பணம் குறைவென்றால் வகையைக் குறைக்கலாம், முழுக் கட்டையின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். எட்டுக் கட்டையும் நாலு குழந்தையும் என்றால் சண்டைதான் மிஞ்சும்.

நம் பக்கம் மாமரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் வண்டு துளைத்து மாவு கொட்டும். பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருளுக்குப் பூச்சிமருந்து அடிக்கவும் முடியாது. வைரம் பாய்ந்த வேம்பு உத்தமம். பழைய கதவு, ஜன்னல் சட்டத்தை அறுத்துச் செய்வதாக ஆசாரி சொன்னால் யோசியுங்கள்: அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆணி ஒடிந்து உள்ளே கிடக்கலாம்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பச்சை மரம். காயும்போது அது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். 7 செ.மீ. அகலம் 6.7 ஆகிவிட்டால், அப்போதே அளவு சரிபார்த்து வாங்கிய கட்டைகள் அடுத்த கோடைக்குள் ஒன்றோடொன்று சேராது. பலகைக்கு இடையே குச்சி கொடுத்து நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காய்ந்த மரம் வேண்டும். மற்றது, ரம்பத்தின் வாய். 14 செ.மீ. கட்டையை நடுவில் அறுத்தால் 7 வராது, 3 மி.மீ. தூளாகப் போய் 6.85தான் வரும். இரண்டு அரை ஒரு முழுவுக்குச் சமமாகாத கட்டையில் பிள்ளை தவறான கணக்கைப் படிக்கும், மாடியும் ஆடும். அரைக் கட்டைகளைத் தனிச் சட்டத்திலிருந்து, அறுவை மேசையில் தடுப்புக் கட்டை வைத்து, ஒரே மூச்சில் அறுக்கச் சொல்லுங்கள்.

விளிம்பை 2 மி.மீ. மழித்தால் போதும்; கூடுதலாக உருட்டினால் அடுக்கு வழுக்கும். உப்புத்தாள் எண் 80, 120, 180 என்ற வரிசையில். வார்னிஷும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். மொத்தம் 40 கிலோவைத் தாண்டும், எனவே இடுப்புயரத்துக்குக் கீழான திறந்த அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் அந்தக் கட்டையின் உருவத்தைக் காகிதத்தில் வெட்டி ஒட்டிவிடுங்கள். எடுத்து வைப்பதே வடிவம் பிரிக்கும் பயிற்சியாகிவிடும்.

என் மையத்தில் விளையாட்டுச் சாமான் குறைவு. பாவனை விளையாட்டுக்குக் கைக்காசு போடாமல் என்ன செய்யலாம்?
— அங்கன்வாடிப் பணியாளர், பென்னாகரம் வட்டம்

கடையில் விற்கிற பிளாஸ்டிக் கிச்சன் செட் இல்லாதது குறையே இல்லை. பிளாஸ்டிக் இட்லி இட்லியாக மட்டுமே இருக்கும். ஒரு கொட்டாங்குச்சி உழக்காகும், ஸ்டெதாஸ்கோப் ஆகும், பரிசலாகும்.

சந்தையிலிருந்து தொடங்குங்கள், அது உங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தது. இரண்டு தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்தால் கடை. தராசுக்கு ஒன்றரை அடிக் குச்சி, சம அளவில் இரண்டு கொட்டாங்குச்சி. ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே சம தூரத்தில் மூன்று துளை போட்டு, ஒரே நீளச் சணல் கட்டி, குச்சியின் இரு முனையிலும் தொங்கவிடுங்கள். குச்சியின் நடுவில் ஒரு கயிறு. ஒரு பக்கம் தாழ்ந்தால் மற்ற முனையில் கம்பியைச் சுற்றிச் சமன் செய்யுங்கள். எடைக்குக் கூழாங்கல், காய்க்குக் களிமண் உருண்டை. விலைப்பலகை ஒன்றும் கரியும் வையுங்கள். கிறுக்குவார்கள், அதுதான் எழுத்தின் தொடக்கம்.

நீங்கள் வாடிக்கையாளராக மட்டும் உள்ளே போங்கள். “ஏங்க, தக்காளி எப்படிங்க? போன வாரம் வாங்குனதுல பாதி அழுகல்” என்று ஆரம்பித்தால், கடைக்காரருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: “இது இன்னிக்குப் பறிச்சதுங்க, தொட்டுப் பாருங்க.” காரணம் சொல்வது, பேரம், முழு வாக்கியம் எல்லாம் தானாக வரும். இதே இடத்தில் “இது என்ன கலர்? எத்தனை இருக்கு?” என்று டீச்சராக மாறினால் ஆட்டம் அந்த நிமிடமே படுத்துவிடும். நிறையக் கற்றவர்களும் செய்கிற பிழை இது.

பஸ் விளையாட்டில் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களில் சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம்: பாவனையில் குழந்தை விதிக்குத் தானே கட்டுப்படுகிறது. ஐந்து நிமிடம் உட்காராத பையன், டிரைவர் ஆனதும் ஒகேனக்கல் போய்ச் சேரும்வரை ஸ்டியரிங்கை விடமாட்டான். ஆறு நாற்காலிக்கு ஆறு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் படிக்கிறார்.

முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து விடுங்கள். யார் டிரைவர் என்று முடிவாகவே கால் மணி போய்விடும்.

புளியங்கொட்டை, மணி போன்றவற்றில் எச்சரிக்கை: அட்டையில் ஒன்றேகால் அங்குல விட்டத்தில் ஓட்டை போடுங்கள். அதில் நுழையும் எதையும் மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்கள் கையில் தராதீர்கள். முழு வேர்க்கடலை ஐந்து வயது வரைக்குமே வேண்டாம்.

பேரன் சொப்பு வைத்துச் சமைக்கிறான், பொம்மைக்குத் துண்டைச் சேலையாகச் சுற்றுகிறான். தாத்தா திட்டுகிறார்.
— ஒரு பாட்டி, காவேரிப்பட்டணம்

விடுங்கள் அம்மா. முடிச்சுப் போடுவதும் மடிப்பு வைப்பதும் விரலுக்கு நல்ல வேலை. பொம்மை அழுகிறது என்று தூங்க வைப்பவன் அடுத்தவர் மனதை யோசிக்கப் பழகுகிறான். நம் ஊர்க் கல்யாணங்களில் சமைப்பவர் யார் என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இதே வீட்டில் பேத்தி இருந்தால் அவள் கைக்கும் கட்டையைக் கொடுங்கள். அந்தக் குறையைத்தான் யாரும் எழுதிக் கேட்பதில்லை.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். விளையாடும்போது தெலுங்கிலேயே தனக்குத்தானே பேசுகிறாள். குழப்பமாகிவிடுமா?
— ஒரு தந்தை, ஓசூர்

ஆகாது. தனக்குத்தானே பேசுவது அவள் யோசிக்கும் விதம். அது வீட்டு மொழியில் வருவது இயல்பு. திருத்த வேண்டாம். தமிழ் பேசும் பிள்ளையோடு சேர்ந்து பாலம் கட்டும்போது ‘மேல, கீழ, நடுவுல, இன்னும் நீளமா’ போன்ற சொற்கள் வேலையோடு வேலையாக ஒட்டிக்கொள்ளும்.

மற்றவர்கள் கட்டியதை உதைத்துத் தள்ளும் குழந்தையை என்ன செய்வது?
— நர்சரி ஆசிரியை, அரூர்

முதலில் இடத்தைப் பாருங்கள். அலமாரிக்கு முன்னாலேயே கட்டினால், கட்டை எடுக்க வருகிறவர் கால் பட்டே பாதி விழும். அலமாரியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் டேப் ஒட்டி, அதற்கு அப்பால்தான் கட்டலாம் என்று வையுங்கள். அப்புறமும் உதைத்தால், விழும் சத்தம்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. தானே கட்டித் தானே தள்ள ஓர் ஓரம் கொடுங்கள். தள்ளுவதற்கு முன் எத்தனை அடுக்கு என்று எண்ணச் சொல்லலாம். கட்டியவர் அனுமதியில்லாமல் தள்ளினால், உட்கார்ந்து திரும்பக் கட்ட உதவ வேண்டும். மன்னிப்பு கேட்கச் சொல்வதைவிட இது பலிக்கும்.

காந்தம் வைத்த ஓட்டுப் பலகைகள் (மேக்னடிக் டைல்ஸ்) வாங்கலாமா?
— ஒரு தாய், பர்கூர்

சாய்ந்த கூரை, உயர்ந்த கோபுரமெல்லாம் கட்ட நல்ல சாமான். ஆனால் காந்தமே பிடித்துக்கொள்வதால், சமன் தவறினால் விழும் என்ற பாடம் அதில் குறைவு. மரக்கட்டைக்கு மாற்று ஆகாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுங்கள், பசை போட்டு ஒட்ட வேண்டாம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்பை நடுவில் வைத்துக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலிக்காகக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள்.