பவுண்டி ஹண்டர் உரிமம்: போலீஸ் துறையில் தேடாதீர்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 34. ஜாமீனில் வெளிவந்து தலைமறைவாகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கும் ‘பவுண்டி ஹண்டர்’ ஆக ஆசை. உரிமம் யாரிடம் வாங்க வேண்டும்? வருமானம் கிடைக்குமா?

பதில்: மாநிலக் காப்பீட்டுத் துறையிடம். சிரிக்காதீர்கள், ஜாமீன் பத்திரம் அங்கே ஒரு காப்பீட்டுச் சரக்குதான். நீதிபதி 50,000 டாலர் ஜாமீன் கேட்டால், குடும்பத்தார் ஜாமீன் பத்திரம் விற்கும் முகவரிடம் வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 5,000 டாலர் கட்டுவார்கள். அது திரும்பி வராது. முழு 50,000 டாலருக்கும் முகவரும் அவருக்குப் பின்னால் உள்ள காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பு. ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் நீதிமன்றம் ஜாமீனைப் பறிமுதல் செய்யும். 180 நாள்களுக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பறிமுதல் ரத்தாகும். அந்தக் கெடுவுக்குள்தான் முகவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

2023 ஜூலை முதல் உரிமம் இல்லாமல் கலிபோர்னியாவில் இந்த வேலையைச் செய்ய முடியாது. கைது அதிகாரம் பற்றிய 40 மணி நேரப் பயிற்சி, ஜாமீன் சட்டம் குறித்த 20 மணி நேர வகுப்பு, கைரேகைச் சோதனை, பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு ஆகியவை வேண்டும். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிணை நின்றவர், தலைமறைவானவரின் வீட்டை உடைத்தும் ஆளைப் பிடிக்கலாம், வேறு மாநிலத்துக்கும் துரத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1872ஆம் ஆண்டு வழக்கொன்றில் எழுதிவைத்தது. சினிமாக்காரர்கள் இன்னும் அதை நம்பித்தான் கதவை உதைக்கிறார்கள். கலிபோர்னியாவில் நீங்கள் உதைத்தால் உங்களுக்கே ஜாமீன் தேவைப்படலாம். பிடிக்கப் போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். போலீஸ்காரர் என்று நினைக்கவைக்கும் சீருடையோ பேட்ஜோ அணியக் கூடாது. பாதுகாப்பு நிறுவனத்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். பழைய சட்டையோடு போய்விடாதீர்கள்.

வருமானம்? ஆளைப் பிடித்தால் ஜாமீன் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டி. பிடிக்காவிட்டால் பெட்ரோல் செலவும் உங்களுடையது. பிள்ளைகுட்டி உள்ளவருக்கு நான் சொல்வது முகவர் உரிமம்தான். அதற்கும் 20 மணி நேர வகுப்பு உண்டு. தேர்வு எழுத வேண்டும், ஒரு காப்பீட்டு நிறுவனம் உங்களை நியமிக்கவும் வேண்டும். யாருக்குப் பிணை கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஆளை எடைபோடத் தெரிந்தால் துரத்தும் வேலையே குறையும்.

இந்த உரிமத்தை நம்பி மாநிலம் மாறாதீர்கள். கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சினில் பணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் வணிக ஜாமீனுக்கு இடமில்லை. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. ஓய்வுபெற்றபின் ஊருக்குத் திரும்பி இதே தொழிலைத் தொடங்கும் எண்ணமும் வேண்டாம். இந்தியாவில் குற்ற வழக்கில் பணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் ஒப்பந்தம் செல்லாது.