வாசகர் கேள்விகள்: ஒரதூரின் இடிந்த சுவர்கள்

கேள்வி: பிரான்சில் போரில் எரிந்த ஒரு கிராமத்தை அப்படியே வைத்திருக்கிறார்களாமே, அங்கே நடந்தது என்ன?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: லிமோஜ் நகருக்கு வடமேற்கே சுமார் 22 கிலோமீட்டரில் இருக்கும் ஒரதூர்-சூர்-க்ளான்தான் அது. 1944 ஜூன் 10, சனிக்கிழமை. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்.எஸ்.-இன் 'தாஸ் ரைஷ்' டிவிஷனைச் சேர்ந்த ஒரு படைப்பிரிவு மதியம் ஊரை வளைத்து, அடையாள அட்டைச் சோதனை என்று சொல்லி எல்லாரையும் சந்தைத் திடலுக்கு வரவழைத்தது. ஆண்களை ஆறு இடங்களில் அடைத்துச் சுட்டு, மேலே வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் பூட்டி எரித்தார்கள். மணியே உருகிப்போன நெருப்பு அது. அங்கிருந்து தப்பியவர் மார்கரீத் ரூஃபான்ஷ் ஒருவர்தான். சன்னல் வழியே குதித்து, குண்டடிபட்டு, பட்டாணிப் பாத்திக்குள் மறுநாள்வரை கிடந்தார். இறந்தவர்கள் 643 பேர். பல காலம் 642 என்றே எழுதினார்கள். விடுபட்டிருந்த ஸ்பானிய அகதிப் பெண் ஒருவரின் பெயர் 2020-இல்தான் தெரியவந்தது.

கேள்வி: செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?
– சேலம் வாசகி

பதில்: போதுமான அளவு கிடைக்கவில்லை. 1953-இல் போர்தோவில் 21 பேர் மீது விசாரணை நடந்தது. அவர்களில் 14 பேர், போரின்போது ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்ட கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர்கள். அந்த 14 பேரில் 13 பேர் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்ததும் அல்சாஸ் கொதித்தது. சில நாட்களிலேயே நாடாளுமன்றம் அந்த 13 பேருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. ஒரதூர் மக்கள் அரசு கொடுத்த விருதைத் திருப்பி அனுப்பினார்கள்; மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை இடிபாட்டின் வாசலிலேயே எழுதி வைத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

கேள்வி: கூரையில்லாத சுவர்கள் இத்தனை காலம் எப்படி நிற்கின்றன?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தானாக நிற்கவில்லை. இடிபாட்டைக் காக்க 1946-இல் சட்டம் போட்டார்கள்; புது ஊரைப் பக்கத்திலேயே கட்டினார்கள். ஆனால் வீடு என்பது கூரையால்தான் பிழைக்கிறது. கூரை போனால் மழைநீர் சுவரின் தலைவழியே உள்ளே இறங்கி, கற்களுக்கிடையிலுள்ள சாந்தைக் கரைக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து பெருத்துக் கல்லைத் தள்ளும். விரிசலில் செடி வேர்விட்டால் இன்னும் மோசம். ஆகவே முதலில் செடியை வெட்டி, வேரை மெல்ல எடுக்க வேண்டும். பிறகு சாந்து பூசி, தண்ணீர் வெளியே வழியும்படி சுவரின் உச்சியை மூட வேண்டும். பழைய கற்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். சிமெண்ட் கல்லைவிட இறுகி, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். கல்லின் முகம்தான் உதிரும். அதிகம் செப்பனிட்டால் சுவர் புதிதாகத் தெரியும், எரிந்த தடம் மறைந்துபோகும். இடிபாட்டுக்குள் கிடந்து துருப்பிடிக்கும் தையல் இயந்திரங்களுக்கும் கார்களுக்கும் இதே சிக்கல்தான்.

பார்க்கப் போகிறவர்கள் 1999-இல் திறந்த நினைவு மையத்தின் வழியாக நுழைய வேண்டும். உள்ளே பேச்சுச் சத்தம் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.