ஆன்டிபயாடிக்கோடு எந்த ப்ரோபயாடிக் எடுப்பது?

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கு 7 நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது ஆன்டிபயாடிக் எடுத்தாலும் எனக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். மற்ற நாட்களிலும் உப்புசம் உண்டு. ப்ரோபயாடிக் வாங்கப் போனால் ஒன்றில் 100 கோடி, இன்னொன்றில் 5,000 கோடி என்று போட்டிருக்கிறது. அதிகம் உள்ளதை வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்குமா?

பதில்: இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஒரே டப்பாவில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்றே தெரியாமல் போகும்.

ப்ரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை தரும் என்று எடுத்துக்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள். டப்பாவில் போட்டிருப்பது அவற்றின் எண்ணிக்கை. அந்தக் கோடிக்கணக்கில் மயங்க வேண்டாம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐபிஎஸ் (வயிற்றுவலி, உப்புசம், மலம் கழிப்பதில் மாற்றம் என்று தொல்லை தரும் குடல் கோளாறு) உள்ள 362 பெண்களில் ஒரு பிரிவினருக்கு வெற்று கேப்சூலும், மற்றவர்களுக்கு பிஃபிடோபாக்டீரியம் 35624 என்ற ஸ்ட்ரெயினை (ஒரே நுண்ணுயிர் இனத்துக்குள் உள்ள தனி ரகம்) 10 லட்சம், 10 கோடி, 1,000 கோடி என்று மூன்று அளவுகளிலும் கொடுத்தார்கள். பலன் தந்தது நடுவில் இருந்த 10 கோடிதான். 1,000 கோடி அடைத்த கேப்சூலுக்குள் இருந்த தூள் ஈரம் பட்டதும் பசைபோல இறுகிக்கொண்டு கரைய மறுத்தது. எந்த ஸ்ட்ரெயின் எந்த அளவில் சோதிக்கப்பட்டதோ, அந்த அளவுதான் கணக்கு.

ஆகவே லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். பேரினம், சிற்றினம், அதற்குப் பின்னால் ஸ்ட்ரெயினைக் குறிக்கும் எழுத்தோ எண்ணோ, மூன்றும் இருக்க வேண்டும். 'லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. ஆய்வுகள் நடந்தது 'ராம்னோசஸ் ஜிஜி'யில். அதே சிற்றினத்தின் வேறொரு ஸ்ட்ரெயினும் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. (2020-ல் இந்தப் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். 'லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி' என்று புதிய பெயரில் இருந்தாலும் சரக்கு அதுதான்.) பத்துப் பன்னிரண்டு ஸ்ட்ரெயின்களைக் கலந்து மொத்த எண்ணிக்கையை மட்டும் போட்டிருக்கும் டப்பாவைத் தவிர்ப்பது நல்லது, எது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எண்ணிக்கை 'தயாரித்தபோது' என்றில்லாமல், 'காலாவதித் தேதி வரை' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது உங்கள் ஆன்டிபயாடிக் விஷயம். எங்கள் முதல் தேர்வு சாக்கரோமைசிஸ் பவுலார்டி. இது ஈஸ்ட் வகை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதை ஒன்றும் செய்யாது. ஆகவே இடைவெளி விட வேண்டிய அவசியம் இல்லை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 250 மி.கி. கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று. ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே தொடங்குங்கள். அதிகம் போனால் 2 நாளுக்குள். போக்கு வந்த பிறகு தொடங்குவதைவிட அதுதான் பலன் தரும். கோர்ஸ் முடிந்து ஒரு வாரம் வரை தொடரலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆன்டிபயாடிக்குக்குப் பின் ஈஸ்ட் தொற்று வந்து ஃப்ளூகோனசோல் எடுக்க நேர்ந்தால், அந்த மாத்திரை பவுலார்டியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

ராம்னோசஸ் ஜிஜியும் நல்ல தேர்வுதான். ஆனால் அது பாக்டீரியா. ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வழக்கமாகப் போக்கு வராதவர்கள் இதையெல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. 2018-ல் இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் 11 ஸ்ட்ரெயின் கலவை எடுத்தவர்களின் குடலில் அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானது.

உப்புசத்துக்கு வருவோம். இங்கே சான்று பலவீனம். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐபிஎஸ்ஸுக்கு ப்ரோபயாடிக்கை ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்போ, விரும்புகிறவர்கள் குறைந்தது 4 வாரம் எடுத்துப் பார்க்கட்டும் என்கிறது. முயன்று பார்ப்பதானால் ஆன்டிபயாடிக், பவுலார்டி இரண்டும் முடிந்த பிறகு தொடங்குங்கள். ஒரே ஒரு ஸ்ட்ரெயின், மேலே சொன்ன 35624 போல. தினமும் ஒரே நேரத்தில் எடுத்து, உப்புசத்துக்கு 10-க்கு எத்தனை என்று இரவில் குறித்து வையுங்கள். முதல் சில நாள் வாயு கூடுவது சகஜம். 4 வாரத்தில் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: கேப்சூலில் 'ப்ரீபயாடிக்' என்று இனுலினோ எஃப்ஓஎஸ்ஸோ சேர்த்திருப்பார்கள். இவை குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் நார்ச்சத்துகள். உப்புசத்துக்கு மருந்து தேடுகிறவர் அதே டப்பாவில் உப்புசத்தையும் வாங்கி வருவது இப்படித்தான்.

உலர்த்தி அடைத்த இந்த நுண்ணுயிர்களுக்கு வெப்பத்தைப் போலவே ஈரமும் எதிரி. கேப்சூலைப் பிரித்து வாராந்திர மாத்திரைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்ததும் திறந்து, எடுத்த கையோடு மூடுங்கள். தூளைச் சூடான பானத்தில் கலக்கக் கூடாது.

கீமோதெரபியில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த ப்ரோபயாடிக்கும் எடுக்கக் கூடாது. பவுலார்டி இவர்களுக்கு அறவே ஆகாது. அது ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். கடுமையான கணைய அழற்சியிலும் வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், ப்ரோபயாடிக் கொடுக்கப்பட்ட அத்தகைய நோயாளிகளில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம்.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ, முடித்த சில வாரங்களிலோ ஒரே நாளில் 3 முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், அதோடு காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால், டப்பாவை மாற்றிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் பெருகிப் போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் தொற்றா என்று மலத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.