பீடி சிகரெட்டே தொடாதவங்களுக்கு தூசியால நுரையீரல் கெடுமா?

கெடும்ங்க. எங்கப்பாவுக்கு கெட்டுச்சு. கேள்வி கேட்ட விதத்தை பார்த்தா நீங்களோ உங்க வீட்டுல யாரோ தூசியில வேலை பார்க்குறீங்கன்னு நெனைக்கிறேன், அதனாலதான் இவ்ளோ எழுதறேன்.

அப்பா கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 26 வருஷம் கார்டிங்ல, அதாவது பஞ்சை சீவி சிக்கெடுக்குற டிபார்ட்மெண்ட்ல இருந்தாரு. பஞ்சை பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூமும் கார்டிங்கும்தான் பஞ்சு தூசி ரொம்ப பறக்குற இடம், ஷிப்ட் முடிச்சு வந்தா புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும், அம்மா வாசல்லயே துண்டால தட்டி விடுவாங்க. ஞாயித்துக்கிழமை லீவுல நல்லா இருப்பாரு, திங்கக்கிழமை வேலைக்கு போயிட்டு வந்தா நெஞ்சு இறுக்குதுன்னு சொல்லி திண்ணையிலயே உட்காந்துக்குவாரு, புதன் வியாழன்ல தேவலாம்னு ஆயிரும். லீவுல சாப்பிட்ட கறி சேரலன்னே ரொம்ப வருஷம் நெனச்சுட்டு இருந்தோம்.

அதுக்கு பேரு பிஸினோசிஸ். லீவு முடிஞ்சு போற முதல் நாள் அதிகமாகுறதுதான் அதோட அடையாளமே. பஞ்சு தூசின்னா வெறும் பஞ்சு இல்ல, செடியோட இலைத் துணுக்கு, அதுல ஒட்டியிருக்கிற பாக்டீரியாவோட நச்சு எல்லாம் சேர்ந்து வரும். பெரிய துகள் மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், பொடிசு மூச்சுக்குழாய் வரைக்கும் போய் அதை சுருக்கிடும். ஆரம்பத்துல திரும்ப விரியும், வருஷக்கணக்குல ஆனா விரியாம அப்படியே நின்னுடும். எக்ஸ்ரேல இதுக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாது.

போன ஆஸ்பத்திரியில எல்லாம் மொத கேள்வி "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" இல்லைன்னு சொன்னா நம்பல. டாக்டர்களை குறை சொல்றேன்னு யாரும் கமெண்ட்ல வராதீங்க, கடைசியா கண்டுபிடிச்சதும் ஒரு டாக்டரம்மாதான், அவங்கதான் "என்ன வேலை பார்த்தீங்க, எந்த டிபார்ட்மெண்ட்"னு கேட்டாங்க. மில்லு வேலையே தப்புன்னும் சொல்லல, அந்த சம்பளத்துலதான் நான் படிச்சேன்.

சொந்தக்காரங்களைத்தான் மன்னிக்க முடியல. அப்பா இருமுறதை பார்த்துட்டு டிபின்னு கெளப்பி விட்டதுல அக்காவுக்கு பூ வெக்கிற வரைக்கும் வந்த சம்பந்தம் நின்னு போச்சு. சளி டெஸ்ட்ல டிபி இல்லைன்னு வந்த ரிப்போர்ட்டை அம்மா வீடு வீடா எடுத்துட்டுப் போய் காட்டினாங்க. இன்னிக்கும் அந்த சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க போறதில்ல.

இந்த நோய்க்கு நஷ்டஈடு கேக்கலாம்னு சட்டத்துலயே பட்டியல் இருக்கு, எங்களுக்கு தெரியறப்போ அந்த மில்லே இல்ல.

நீங்க டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஊதிப் பார்க்குற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுக்க சொல்லுங்க. முடிஞ்சா லீவுக்கு அடுத்த நாள் ஷிப்டுக்கு முன்னாடி ஒருக்கா, முடிஞ்சதும் ஒருக்கா. ரெண்டாவது தடவை காத்து கம்மியா வந்துச்சுன்னா அந்த டிபார்ட்மெண்டை விட்டு வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி கேளுங்க. அப்பாவுக்கு அந்த டெஸ்ட்டை மொத மொத எடுக்கும்போது அவரு ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆயிருந்துச்சு.