வீ யூ கன்சோல்: கேள்விகளும் பதில்களும்

நின்டெண்டோவின் வீ யூ 2012 நவம்பரில் வந்தது. டிவியோடு இணைக்கும் வீடியோ கேம் பெட்டி (கன்சோல்), கையில் 6.2 இன்ச் தொடுதிரை வைத்த கேம்பேடு. அது பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

திருமங்கலம்: அண்ணே, அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு வீ யூ கொடுத்துவிட்டார். பின்னை மட்டும் மாற்றி மாட்டலாமா?

தயவுசெய்து மாட்டாதீர்கள் தம்பி. அடாப்டரைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். இன்புட் 120 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டுக்கு வருவது 230. பின்னை மாற்றும் கட்டை வோல்டேஜைக் குறைக்காது, அடாப்டர் புகைந்துவிடும். செல்போன் சார்ஜர் எந்த நாட்டிலும் வேலை செய்கிறதே என்ற பழக்கத்தில்தான் பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விசாரியுங்கள். கன்சோல் அடாப்டர் 75 வாட், கேம்பேடுக்குத் தனி சார்ஜர். 200 வாட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் தாங்கும். ஐரோப்பாவில் விற்ற அடாப்டர் கிடைத்தால் அதுவும் சரி, அது 220 முதல் 240 வோல்ட் வரை எடுக்கும்.

மேலூர்: கேம்பேடு திரையைத் தடவினால் நகர மாட்டேன் என்கிறது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. போன் திரை விரலின் மின்னூட்டத்தை உணரும். இது அழுத்தத்தை உணரும் திரை. மேலே வளையும் ஒரு தாள், கீழே இன்னொன்று. அழுத்தும்போது இரண்டும் தொட்டுக்கொண்டால்தான் புள்ளி பதியும். அதனால் ஒரே நேரத்தில் ஒரு இடத்தைத்தான் படிக்கும், இரண்டு விரல் வைத்துப் பெரிதாக்க முடியாது. கேம்பேடின் பின்பக்கம் மேலே ஒரு குச்சி செருகியிருக்கும், அதை உருவி எழுதிப் பாருங்கள். என் மகள் அதில் கோலப்புள்ளி வைத்துப் பழகினாள், ஒரு புள்ளிகூட விலகாது. அப்படியும் தள்ளிப் பதிந்தால் செட்டிங்ஸில் திரையைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது.

உசிலம்பட்டி: கேம்பேடு இல்லாமல் கன்சோல் மட்டும் சல்லிசாக வருகிறது, எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். செட்டிங்ஸ் வேலைக்கெல்லாம் கேம்பேடு வேண்டும். ஜப்பானைத் தவிர வேறெங்கும் அதைக் கடையில் தனியாக விற்கவில்லை. பழையது வாங்கும்போது முதலில் சோதிக்க வேண்டியதே கேம்பேடுதான்: திரையின் நான்கு மூலை, கட்டைவிரலால் ஆட்டும் இரண்டு ஜாய்ஸ்டிக், சார்ஜ் நிற்கிறதா என்பது. புதிதிலேயே 3 முதல் 5 மணி நேரம்தான் தாங்கியது.

அனுப்பானடி: மொட்டை மாடிக்குப் போனால் படம் நின்றுவிடுகிறது.

கேம் ஓடுவது கன்சோலில்தான், கேம்பேடுக்குப் படம் மட்டும் வயர்லெஸ்ஸில் வருகிறது. சுமார் 8 மீட்டர்தான் எட்டும். நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் அதுவும் இல்லை.

விளாங்குடி: இப்போது கேம் எப்படி வாங்குவது?

டிஸ்க்தான். ஆன்லைன் கடையில் 2023 மார்ச் 27-ஓடு விற்பனை நின்றது, 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் நின்றது. ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கக் கன்சோலில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, ஜப்பான் டிஸ்க்கும் ஓடாது. அப்புறம், இதற்கு முந்தைய நின்டெண்டோ கன்சோலான வீயின் கேம்கள் இதில் ஓடும், அதன் கையில் பிடிக்கும் வீ ரிமோட் மட்டும் தனியாக வேண்டும்.