கற்பனைத் துணைக்கப்பலுக்கு முதலில் கரி, அப்புறம்தான் பீரங்கி

முதல் உலகப் போர்க் காலத்தில் கடற்படைகள் வணிகக் கப்பல்களைப் பிடித்துத் துணைக்கப்பல்களாக மாற்றிக்கொண்டன. அப்படி ஒன்றைக் கற்பனையாக உருவாக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிலர் நாவலுக்காகக் கேட்கிறார்கள், சிலர் விளையாட்டுக்காக, சிலர் மாடல் செய்ய. முக்கால்வாசிப் பேர் பீரங்கியிலிருந்தே தொடங்குகிறார்கள்.

கேள்வி: 1914-இல் நடக்கும் நாவல் எழுதுகிறேன் சார். ஜெர்மானியர் கையில் ஒரு கற்பனைத் தாக்குதல் கப்பல். எங்கே ஆரம்பிப்பது?

போருக்கு முன்னால் அது என்ன பிழைப்பு பிழைத்தது என்று முடிவு செய்யுங்கள். மீதியெல்லாம் அதிலிருந்து வரும். ஜெர்மனிக்காக எதிரியின் வணிகக் கப்பல்களை வேட்டையாடிய 'மோவே' முன்பு 'புங்கோ' என்ற வாழைப்பழக் கப்பல். பழம் அழுகுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்பதால் கொஞ்சம் வேகமாகப் போகும். அதே வேலை செய்த 'வோல்ஃப்' முன்பு 'வாக்ட்ஃபெல்ஸ்' என்ற சாதாரணச் சரக்குக் கப்பல். ஆமை வேகம், ஆனால் வயிறு பெரிது. பிரிட்டனின் 'எங்கடைன்' ஆங்கிலக் கால்வாயில் பயணிகளை ஏற்றிய படகு. வேகம் உண்டு, தூரம் போகாது. அதனால்தான் அதைக் கடல்விமானம் சுமக்க எடுத்துக்கொண்டார்கள்.

பழைய பெயரையும் சேர்த்தே யோசியுங்கள். ஜெர்மனியின் ஹன்சா நிறுவனக் கப்பல்களின் பெயர் 'ஃபெல்ஸ்' என்று முடியும், பிரிட்டனின் ஒயிட் ஸ்டார் நிறுவனக் கப்பல்களின் பெயர் 'இக்' என்று முடியும். இது தெரிந்த வாசகர் சிரித்துக்கொள்வார்.

கேள்வி: எனக்கு 22 நாட் (மணிக்கு 22 கடல்மைல்) வேகம் வேண்டும். சொகுசுப் பயணிக் கப்பலை மாற்றினால் என்ன?

மாற்றலாம், கதை மூன்று வாரத்தில் முடிந்துவிடும். 'கைசர் வில்ஹெல்ம் டெர் கிராஸ'வுக்கு அதுதான் நடந்தது. பெரிய கப்பல், அசுரப் பசி. 1914 ஆகஸ்ட் 26 அன்று ஆப்பிரிக்கக் கரையில் ரியோ டி ஓரோவில் கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் குரூஸர் 'ஹைஃப்ளையர்' வந்து மடக்கிவிட்டது.

கேள்வி: கரிக் கணக்கை எப்படிப் போடுவது?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஒரே நீராவியை மூன்று கட்டமாகப் பயன்படுத்தும் அக்காலத்து நல்ல டிரிபிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரி தின்னும். 11 நாட் ஓடும் சரக்குக் கப்பலுக்கு 2,500 குதிரைத்திறன் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 42 டன், கடக்கும் தூரம் 264 கடல்மைல். 4,000 டன் ஏற்றினால் மூன்று மாதத்துக்கு மேல், 25,000 கடல்மைல் வரை தாங்கும். 22 நாட் சொகுசுக் கப்பலுக்கு 28,000 குதிரைத்திறன் வேண்டும் என்றால் நாளுக்கு 470 டன். அதே 4,000 டன் ஒன்பதாம் நாள் காலி.

வேகத்தைக் குறைத்தால் செலவு மளமளவென்று இறங்கும். தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். 8 நாட் வேகத்தில் அதே சரக்குக் கப்பலுக்கு நாளுக்கு ஏறக்குறைய 16 டன் போதும். எதுவும் நடக்காத அந்த மெதுவான வாரங்களையும் கதையில் காட்டுங்கள்.

அடுத்து இடம். ஒரு டன் கரிக்கு 1.25 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் 5,000 கன மீட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கொதிகலனுக்குப் பக்கத்தில் இருக்கும் கரி கைக்கு எட்டும். முன்பக்கக் கிடங்கில் கிடப்பதை ஆட்கள் கூடையிலும் தள்ளுவண்டியிலும் அள்ளிக்கொண்டுவர வேண்டும். ஐம்பது அறுபது பேர் ஓட்டிய கப்பலில் முந்நூறு பேர் ஏறுவதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். குடிநீர், கொதிகலன் நீர், பிடிபட்ட கைதிகளுக்கு இடம், இவற்றை மறந்தே போகிறார்கள். 1916 நவம்பரில் கிளம்பிய வோல்ஃப், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் 1918 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, 400-க்கும் மேற்பட்ட கைதிகள் உள்ளே இருந்தார்கள்.

கேள்வி: கரியில் தரம் பார்ப்பார்களா?

உயிரே அதில்தான். 'எம்டன்' துணைக்கப்பல் இல்லை, போர்க்கப்பல்தான். ஆனால் அதன் பின்னால் 'மார்க்கோமானியா' என்ற கரிக்கப்பல் போய்க்கொண்டிருந்தது. வங்காள விரிகுடாவில் 'பொண்டொபோரோஸ்' என்ற கிரேக்கக் கப்பல் எம்டனிடம் சிக்கியது. அதிலிருந்த இந்தியக் கரி கரும்புகை கக்கும் ரகம், ஒளிந்து திரியும் கப்பலுக்கு ஆகாது. சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய சில நாளில் 'புரெஸ்க்' பிடிபட்டது. அதில் இருந்தது அருமையான வேல்ஸ் கரி. உங்கள் கப்டன் அடுத்த இரை தேடும்போது இந்த வித்தியாசம் அவருக்கு உறைக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டு 15 செ.மீ. பீரங்கி வைக்கலாமா அண்ணே?

தாராளமாக வையுங்கள் தம்பி, எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். 'கேப் டிராஃபால்கர்' என்ற ஜெர்மன் பயணிக் கப்பலுக்கு 'ஏபர்' என்ற பழைய சிறு போர்க்கப்பலின் பீரங்கிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கிடைத்தவை இரண்டு 10.5 செ.மீ., ஆறு சிறு பீரங்கிகள். அதை 1914 செப்டம்பர் 14 அன்று மூழ்கடித்த பிரிட்டிஷ் 'கார்மேனியா'வும் பயணிக் கப்பல்தான், எட்டு பீரங்கி கொண்டது. ஜெயித்த கப்பலிலேயே 79 இடத்தில் குண்டு பட்டு, கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜ் எரிந்து போயிருந்தது. கவசம் இல்லாத உயரமான தகரப்பெட்டி வேறு எப்படி இருக்கும்?

இன்னொன்று, வணிகக் கப்பலின் தளம் பீரங்கி உதைப்பைத் தாங்காது. அடியில் தூண் கொடுத்து வலுப்படுத்த வேண்டும். மேலே கனம் ஏறினால் கீழே அடிப்பாரமும் ஏற வேண்டும்.

கேள்வி: வேஷம் போட என்னென்ன வசதி வைக்கலாம்?

வோல்ஃபில் புகைபோக்கியையும் கம்பங்களையும் உயர்த்தித் தாழ்த்தலாம். பீரங்கிகளை மறைத்த பக்கச்சுவர்கள் கீல் போட்டுச் சாயும். கேப் டிராஃபால்கர் தன் மூன்றாவது புகைபோக்கியைக் கழற்றி இரண்டு புகைபோக்கிக் கப்பலாகத் திரிந்தது. எம்டன் நேர்மாறாக, பொய்யாக நான்காவது ஒன்றை நட்டுக்கொண்டது. பெயின்ட் நிறைய வையுங்கள்.

கேள்வி: மருத்துவமனைக் கப்பலாக நடித்து, உள்ளே பீரங்கி ஒளித்தால்?

வில்லனுக்கு என்றால் சரி. 1907 ஹேக் உடன்படிக்கைப்படி அரசின் மருத்துவமனைக் கப்பலுக்கு வெள்ளை நிறம், சுற்றிலும் ஒன்றரை மீட்டர் அகலப் பச்சைப் பட்டை. தொண்டு நிறுவனத்துடையது என்றால் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டைக்குப் பின்னால் இருந்து சுடுவது போர்க்குற்றம்.

கேள்வி: 1908-இல் டீசல் துணைக்கப்பல் இருந்திருக்குமா?

வேண்டாம். பெருங்கடல் தாண்டிய டீசல் கப்பலாகப் பேர் வாங்கிய 'செலாண்டியா'வே 1912-இல்தான் வந்தது. டீசல்தான் வேண்டும் என்றால் கதையை 1917-க்குத் தள்ளுங்கள். அமெரிக்காவின் 'மாமீ' என்ற டீசல் எண்ணெய்க் கப்பல் அந்த வருடம் அட்லாண்டிக்கில் ஓடிக்கொண்டே டிஸ்ட்ராயர் என்ற சிறு போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் ஊட்டியது. குழாய் மாட்டும் காட்சி ஒன்றுக்கே தனி அத்தியாயம் ஒதுக்கலாம்.