பிறப்பெடையும் பிற்கால நோயும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறந்தபோது இருந்த எடைக்கும் அறுபது வயதில் வரும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, இதை எப்படிக் கண்டறிந்தார்கள்?
(ஆசிரியை, திண்டுக்கல்)

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல், குழந்தை பிறந்தபோது இருந்த எடையையும் ஒரு வயது நிறைந்தபோது இருந்த எடையையும் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கர் குழுவினர் அவற்றை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைந்திருந்த ஆண்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

அது இங்கிலாந்துக்காரர்களின் கணக்கு. நமக்கும் பொருந்துமா?
(மருந்தாளுநர், ஓசூர்)

இந்தக் கேள்விதான் இரு நாட்டு ஆய்வாளர்களையும் ஒன்றுசேர்த்தது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகிய மூன்றும் பதிவாகியிருந்தன. அந்தக் குழந்தைகளை நடுவயதில் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்தபோது, சிறுத்துப் பிறந்தவர்களிடம் இதய நோய் மிகுந்திருந்தது. 1996இல் வெளியான முடிவு இது.

அதைவிட வியப்பானது புனேயில் தெரிந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் சவுத்தாம்ப்டனின் கரோலின் ஃபாலும் 1993 முதல் சுற்றுவட்டார ஆறு கிராமங்களில், பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஆய்வைத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தையின் தோளெலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து, இடுக்கி போன்ற கருவியால் அந்த மடிப்பின் தடிமனை அளந்தார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ; ஆனால் தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் காணப்பட்ட பெருங்குறைவு, தோலடிக் கொழுப்பில் காணப்படவில்லை. பார்வைக்கு மெலிந்த குழந்தை, உள்ளே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே பிறக்கிறது. நம்மவர்களுக்கு உடல் பருக்காமலேயே நீரிழிவு வருவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகவே கருதுகிறேன்.

இதற்கு இரண்டு நாட்டு நிறுவனங்கள் தேவைதானா?
(கல்லூரி மாணவர், கோவை)

ஒப்பீடு இல்லாமல் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. இரண்டு ஊரிலும் ஒரே முறையில் அளந்தால்தான் அந்த ஒப்பீடும் நிற்கும்.

என் மகள் 2.4 கிலோ எடையில் பிறந்தாள். இப்போது நான்கு வயது. கொழுகொழுவென்று ஆக்க வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள்.
(ஒரு தாய், தேனி)

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இவை கூட்டத்தைப் பற்றிய முடிவுகளே தவிர, உங்கள் மகளின் தலையெழுத்து அல்ல. ஆனாலும் திணித்து ஊட்டுவதை நிறுத்துங்கள். டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,492 பேரின் ஆய்வு 2004இல் வெளியானது. அவர்களுள் இளவயதிலேயே சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு உயரத்துக்கு மிஞ்சிய எடையைச் சிறிது சிறிதாகச் சேர்த்தவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை. ஆகவே எடையை மட்டும் பார்க்காமல், உயரத்தையும் அளந்து இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். பருப்பு, முட்டை, கீரை, ஓடியாடும் விளையாட்டு இவை போதும்.

கர்ப்பிணிக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் தீர்ந்துவிடாதா?
(கிராமச் செவிலியர், விழுப்புரம்)

கர்ப்பத்தில் தரும் இரும்பு, ஃபோலேட் மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அதே வேளையில், புனே ஆய்வில் வைட்டமின் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை அதிகமாகத் தெரிந்தது. எனவே கருத்தரிப்பதற்கு முன்பே குறையைச் சரிசெய்தால் பலன் உண்டா என்று பார்க்க, அந்தப் பிள்ளைகள் வளரிளம் பருவத்தை அடைந்ததும், 2012இல், அவர்களுக்கே பி12 கொடுக்கும் சோதனையைத் தொடங்கினார்கள். பின்னர் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள்.